அரைவாசிக் குளிசையில் வாழ்ந்த சிறுநீரகம்

கிளினிக்குக்குப் புதிதாக வந்திருக்கிற டொக்டர்மாரே, தாதி மிஸ்ஸிமாரே, ஓய்வுபெற்ற ஒருத்தி எழுதுகிறாள் என்றதும் பழம்பெருமை பேசப்போகிறாள் என்று கொட்டாவி விடாதீர்கள். எங்கள் காலம் ஒன்றும் பொற்காலம் இல்லை. நோயாளியின் இரத்தத்தில் மருந்து எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பதற்கு, மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்து, மட்டக்களப்பிலிருந்து கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அது வழியில் வெயிலில் நில்லாமல் போய்ச் சேர வேண்டும் என்று மாமாங்கப் பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்ட காலம் அது. நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். அந்த வயிற்றெரிச்சலை இத்தோடு விடுகிறேன். உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களைப் பார்க்கப்போகிறவர்கள் என்பதால் உங்களுக்கு ஒரேயொரு ஆளின் கதையைச் சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் கோபக்காரி. நோயாளிகள் எனக்கு 'இடி டொக்டர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கிளினிக் நாளில் வெளியே வாங்குப் பலகையில் காத்திருக்கிறவர்கள், "இண்டைக்கு மழையா, இடியா?" என்று மிஸ்ஸியிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்களாம். எனக்கு அது தெரியும். தெரியாதது போல இருந்தேன். பயம் கொஞ்சம் இருந்தால்தான் மருந்தை ஒழுங்காகப் போடுவார்கள் என்பது என் நினைப்பு.

அந்த இடியில் பாதி ஒரே விஷயத்துக்காக இறங்கியது. எங்கள் ஊரில் குளிசை, அதாவது மாத்திரை, கறிவேப்பிலை மாதிரி. பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். "எனக்கு இதுல சுகம் வந்த கா, நீயும் போட்டுப் பாரன்" என்று பிறஷர் குளிசையும் சீனிக் குளிசையும் ஊரெல்லாம் நடக்கும். காய்ச்சல் குளிசை என்றால் போகட்டும் என்று விடலாம். சிறுநீரகம் மாற்றிய ஆள் தன் குளிசையைப் பங்கு வைத்தால் அது கொலைக்குச் சமம். ஒருவரின் சிறுநீரகத்தை இன்னொருவரின் உடம்பு சும்மா ஏற்றுக்கொள்ளாது. உடம்புக்குள் சுற்றிக் காவல் செய்யும் வெள்ளணுக்கள் அதை அந்நியம் என்று கண்டுபிடித்து அழித்துவிடும். குளிசைதான் அந்தக் காவலைத் தூங்க வைக்கிறது. ஆகவே கிளினிக்கில் எல்லோர் முன்னாலும் சொல்லிவைத்திருந்தேன்: இந்தக் குளிசையை யாராவது யாருக்காவது கொடுத்தது தெரிந்தால், இரண்டு பேரும் என் முகத்தில் முழிக்கக் கூடாது.

அந்த வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற இருவர் யோகராசாவும் ஹாஜராவும்.

யோகராசா நாவலடியில் கரைவலை இழுக்கிற குடும்பத்துப் பொடியன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல், அதில் அவனுடைய வீடு. இருபது வயது தாண்டியவுடனேயே இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. நாலு பிள்ளை பெற்ற அக்கா பூமணி தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். சத்திரசிகிச்சை கண்டியில் நடந்தது. பிறகு பார்த்துக்கொண்டது நான். வலை இழுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். ஒருநாள் உள்ளங்கையில் கயிறு உரசிய தழும்போடு வந்தான். பிடித்து ஏசினேன்.

"இழுக்கல்ல டொக்டர், சும்மா கைய வச்சன்" என்றான். "கயித்தில கை வச்சாத்தானே பங்கு."

அது அவர்களுடைய கரையின் வழக்கம். வலை கரையேறும்போது யார் வந்து கயிற்றில் கை வைத்தாலும், வழிப்போக்கனானாலும், அவனுக்கும் ஒரு பிடி மீன் உண்டு. அவன் பலமாக இழுத்தானா, பேருக்குத் தொட்டானா என்று யாரும் கேட்பதில்லை. உன் வழக்கத்தைத் தூக்கி வாவியில் போடு என்று சொல்லி அனுப்பினேன்.

ஹாஜரா காத்தான்குடியில் தையல் வேலை செய்தவர். யோகராசாவைவிடச் சில வயது மூத்தவர். அவருக்கு நானா, அதாவது மூத்த சகோதரர், சிறுநீரகம் கொடுத்திருந்தார். யோகராசா அவரை அக்கா முறை வைத்து ராத்தா என்று கூப்பிடுவான். அவர் பனங்கட்டி போட்ட பிட்டு கொண்டுவந்தால் இவனுக்கும் கொடுப்பார். இவன் கருவாடு கொண்டுவந்து கொடுப்பான். இரண்டு பேருக்கும் ஒரே குளிசை, ஒரே அளவு, காலையும் பின்னேரமும். அதைப் பற்றிப் பேசிப் பேசியே சொந்தமாகிவிட்டார்கள்.

சுனாமி வந்த நாளைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. உங்களில் சிலருக்கு அது சொந்த வீட்டுக் கதை. யோகராசாவையும் பூமணியையும் அலை தூக்கி வாவிக்குள் எறிந்தது, பிழைத்தார்கள். அவன் கரையில் நிற்கிற ஆள் என்பதால் குளிசைப் போத்தலை இறுக மூடி, நைலோன் நூலால் அரையில் கட்டிக்கொண்டே திரிவான். போத்தலும் பிழைத்தது. ஹாஜராவுக்கு வீடும் போனது, தையல் மெசினும் போனது, குளிசையும் போனது.

ஆஸ்பத்திரி எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். வராந்தாவெல்லாம் காயக்காரர். எங்கள் மருந்துக் களஞ்சியத்தில் இந்தக் குளிசை முடிந்துவிட்டது. லொறி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மாற்றுச் சிகிச்சை பெற்ற எல்லோரையும் தேடிப் பிடித்துக் கையில் மருந்து இருக்கிறதா என்று கேட்டேன். யோகராசா இருக்கிறது என்றான். ஹாஜராவும் இருக்கிறது என்றார். முகாமுக்கு வந்த வெளிநாட்டு டொக்டர்மார் தந்தார்களாம். அந்த நாட்களில் புரியாத மொழியில் எழுதிய மருந்துப் பெட்டிகள் முகாம் முகாமாக வந்து குவிந்தன. நானும் நம்பிவிட்டேன். நம்பாமல் இருக்க நேரமும் இல்லை.

பல கிழமைகளுக்குப் பிறகு மருந்து ஒழுங்காக வரத் தொடங்கியது. எல்லோரையும் கூப்பிட்டு இரத்தம் பார்த்தோம். சிறுநீரகம் சோர்ந்தால் இரத்தத்தில் கிரியேற்றினின் என்கிற கழிவு ஏறும் என்பது உங்களுக்குத் தெரியும். யோகராசாவுக்கு அது அசையவேயில்லை. ஹாஜராவுக்கு ஏறியிருந்தது. உடம்பு சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கியிருந்தது. ஊசி மருந்து போட்டுத் தடுத்தோம். நல்ல வேளையாக அது அடங்கியது. ஒரு நேரமும் தவறவில்லை என்று சத்தியம் செய்கிற பெண்ணுக்கு ஏன் இப்படி என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். அழுகையும் கவலையும் உடம்பைக் கெடுத்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். விளங்காத இடத்தில் கவலையின் மேல் பழி போடுவது எங்கள் தொழிலின் பழைய வழக்கம், நீங்கள் பழகாதீர்கள்.

சில வருடங்கள் போயின. வடக்கில் யுத்தம் கடைசிக் கட்டத்துக்கு வந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கம் சண்டை ஓய்ந்திருந்தாலும் சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. ஒரு தமிழ்ப் பொடியன் கொழும்புக்குப் போவதென்றால் துணைக்கு ஆள், கடிதம், கடவுளின் கருணை மூன்றும் வேண்டும். அந்த நேரம் பார்த்து யோகராசா கழுத்தில் ஒரு கட்டியோடு வந்தான். அவன் மறைக்கவில்லை, மறைக்க முடியாத அளவுக்கு இருந்தது. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். தொண்டைக்குள்ளும் ஒரு பக்கம் வீங்கி நடுவை நோக்கி வந்துகொண்டிருந்தது. சோறு இறங்கவில்லை, கஞ்சிதான் குடிக்கிறான் என்றாள் பூமணி.

ஆஸ்பத்திரி வாட்டில் சேர்த்தேன். கழுத்தில் கட்டி என்றால் எங்கள் நாட்டில் முதலில் காசநோய் என்றுதான் நினைப்போம். எனக்கும் அப்படித்தான் பட்டது. மற்ற டொக்டர்மாரும் அதற்குரிய மருந்தைத் தொடங்கச் சொன்னார்கள். ஆனால் அந்த மருந்து, சிறுநீரகத்தைக் காக்கிற குளிசையை உடம்பிலிருந்து விரட்டிவிடக்கூடியது. பிழையாகத் தொடங்கினால் கட்டியும் போகாது, சிறுநீரகமும் போய்விடும். கட்டியில் ஒரு துண்டை எடுத்துக் கொழும்புக்கு அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை எதையும் தொடங்குவதில்லை என்று நின்றேன். சும்மா இருப்பதற்கும் நெஞ்சில் பலம் வேண்டும், பிள்ளைகளே. அவன் கஞ்சி குடிக்கக் கஷ்டப்படுவதை ஒவ்வொரு காலையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

பதில் தொலைபேசியில் வந்தது. காசநோய் இல்லை. புற்றுநோய். வெள்ளணுக்களிலேயே கிளம்புகிற ஒரு வகை.

கண்டியில் எனக்குச் சிறுநீரக வைத்தியம் படிப்பித்த பேராசிரியரை அழைத்தேன். பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் அவருக்குப் பிடிக்காது. யோசிக்கும்போது தொலைபேசியிலேயே மெதுவாக ஏதோ ஒரு பழைய பாட்டை முனகுவார். அன்றைக்கு நிறைய முனகினார். பிறகு விளக்கினார். சின்ன வயதில் எல்லோருக்கும் வந்து, உடம்புக்குள்ளேயே படுத்துக்கிடக்கிற ஒரு வைரஸ் இருக்கிறது. காவல் விழித்திருந்தால் அது தலை தூக்காது. நாங்கள் காவலைக் குளிசை கொடுத்துத் தூங்க வைத்திருக்கிறோம். அது எழும்பிக் கட்டியாக வளர்ந்துவிட்டது. முதல் மருந்து, மருந்தைக் குறைப்பதுதான். காவல் அரைக்கண் விழித்தால் கட்டியைத் தின்றுவிடலாம். அதே அரைக்கண்ணால் அக்காவின் சிறுநீரகத்தையும் கண்டுவிடலாம்.

இங்கேதான் நீங்கள் பாடத்தில் படிக்கிற சகிப்பு மூலக்கூறுகள் வருகின்றன. வயிற்றில் இருக்கிற பிள்ளையில் பாதி தகப்பனுடையது. தாயின் உடம்புக்கு அது அந்நியம். ஆனாலும் தாய் அதை அழிப்பதில்லை. பிள்ளையைத் தாயோடு சேர்க்கிற நஞ்சுக்கொடியின் அணுக்கள் எச்.எல்.ஏ-ஜி என்ற மூலக்கூறை வெளியே நீட்டி, வருகிற காவலிடம் "இது நம்ம ஆள், விடு" என்று சொல்லிவிடுகின்றன. மாற்றிய சிறுநீரகம் சிலரிடம் இதே வித்தையைக் கற்றுக்கொண்டு நீண்ட காலம் சமாதானமாக இருக்கிறது. அது நல்லது. கெட்டது என்னவென்றால், புற்றுநோய் அணுக்களுக்கும் இந்த வித்தை தெரியும். அவையும் அதே அடையாள அட்டையை நீட்டித் தப்பிவிடும். பிற்காலத்தில் இப்படியான மூலக்கூறுகள் சிலவற்றுக்கு விஞ்ஞானிகள் சோதனைச் சாவடி என்றே பெயர் வைத்திருப்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்களுக்கு அதைப் படிப்பிக்கத் தேவையில்லை. அட்டை காட்டிப் போகிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள் இல்லை, மறித்து வைக்கப்படுகிறவர்கள் எல்லோரும் கெட்டவர்களும் இல்லை என்று மட்டக்களப்பில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

யோகராசாவின் உடம்பில் எது யாருக்கு என்ன அட்டையைக் காட்டுகிறது? அதைப் பார்க்க என்னிடம் ஒரு கருவியும் இல்லை. கட்டிக்காக மருந்தை எவ்வளவு குறைப்பது? கொஞ்சமாகக் குறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கத் தொண்டை நேரம் தராது. முற்றாக நிறுத்தினால் சிறுநீரகம் போய்விடும். இரத்தம் சுத்திகரிக்கிற மெசினுக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே வரிசை. எவ்வளவு என்று பேராசிரியரைக் கேட்டேன். அவர் ஒரு எண்ணைச் சொல்லியிருந்தால் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். நீதான் அவனைப் பார்க்கிறாய், நான் தொலைபேசியைத்தான் பார்க்கிறேன், முடிவு உன்னுடையது என்று சொல்லிவிட்டார். வைக்குமுன் ஒன்று கேட்டார்: சிறுநீரகத்தைக் கொடுத்தவள் என்ன சொல்கிறாள்?

அவளை நான் கேட்கவேயில்லை.

பூமணியை அறைக்குள் கூப்பிட்டு இருத்திச் சொன்னேன். வயிற்றுப் பிள்ளைக் கதையையும் சொன்னேன், விளங்கட்டும் என்று. நாலு பெற்றவளுக்கு உடனே விளங்கிவிட்டது. "அப்ப என்ட கிட்னியும் அவன்ட வயித்துல புள்ள மாதிரித்தான் கிடக்கு" என்றாள். பிறகு நான் சொல்லத் தயங்கியதைச் சொன்னேன். மருந்தைக் குறைத்தால் கட்டி போகலாம், ஆனால் நீ கொடுத்தது அழிந்துபோகலாம். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சிறுநீரகம் எடுத்த தழும்போடு அவள் வருடக்கணக்காகப் பாரம் தூக்காமல், புருஷனிடம் பேச்சு வாங்கி வாழ்ந்தவள் என்பது எனக்குத் தெரியும். அழுவாள், அல்லது என்னைப் பேசுவாள் என்று நினைத்தேன்.

"கிட்னிய நான் அவனுக்குத்தான் குடுத்தன், டொக்டர்" என்றாள். "அவனக் கிட்னிக்குக் குடுக்கல்ல. நீங்க குறையுங்க."

இவ்வளவு தெளிவு எனக்கு இருக்கவில்லை. குறைப்பது என்று முடிவாகிவிட்டது. எவ்வளவு என்பதுதான் மிச்சம். அன்று பின்னேரம் வாட்டில் அவனுடைய கட்டிலடியில் நின்று, என் கீழ் வேலை செய்த இளம் டொக்டரோடு அதையே பேசிக்கொண்டிருந்தேன். ஒரேயடியாக அரைவாசிக்கு இறக்கினால் சிறுநீரகம் தாங்குமா, தாங்காதா? தாங்காது என்று இளம் டொக்டர். எனக்கும் பயம். யோகராசாவுக்குக் கஞ்சி கொண்டுவந்த ஹாஜரா பக்கத்தில் நின்றார். கஞ்சிப் பாத்திரத்தை மேசையில் வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார்.

"டொக்டர், ஏசாதீங்க" என்றார். "அவரு முன்னமே அரைவாசியில இருந்த ஆள்தான்."

யோகராசா கையை ஆட்டி அவரைத் தடுக்கப் பார்த்தான். குரல் வரவில்லை அவனுக்கு. ஹாஜரா நிறுத்தவில்லை. சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டு டொக்டர்மார் யாரும் எதுவும் தரவில்லையாம். குளிசை இல்லாமல் என்னைத் தேடி வந்து, காயக்காரருக்கு நடுவில் என்னைக் கண்டு பேசப் பயந்து, வராந்தாவில் நின்று அழுதிருக்கிறார். யோகராசா போத்தலை அவிழ்த்திருக்கிறான். குளிசை உடைக்க ஏலாத வகை. ஆகவே பங்கு இப்படி: காலைக் குளிசை அவனுக்கு, பின்னேரக் குளிசை ராத்தாவுக்கு. மருந்து லொறி ஒழுங்காக வரும்வரைக்கும், அத்தனை கிழமையும். ஒவ்வொரு பின்னேரமும் பூமணி முகாமிலிருந்து முகாமுக்கு நடந்து கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். மூன்று பேரும் சேர்ந்து என் கண்ணில் மண்ணைத் தூவியிருக்கிறார்கள்.

"ஏன்டா?" என்று அவனைக் கேட்டேன். 

அவன் கரகரத்த குரலில், விட்டு விட்டுச் சொன்னான். "ராத்தாவும் நம்மட கயித்துல கை வச்ச ஆள்தானே, டொக்டர்."

நான் வாயைத் திறந்தேன். வாட்டு முழுக்க இடி விழக் காத்திருந்தது. மிஸ்ஸிகூட டிரேயைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் என் மூளை வேறெங்கோ ஓடிவிட்டது. ஹாஜராவுக்கு அன்றைக்குக் கிரியேற்றினின் ஏன் ஏறியது என்று இப்போது விளங்கியது. அதைவிடப் பெரிது: இவனுக்கு ஏறவில்லை. அதே அரைவாசி, அதே கிழமைகள். ஒரு உடம்பு சண்டைக்குக் கிளம்பியிருக்கிறது. மற்றது சமாதானமாக இருந்திருக்கிறது. அக்காவின் சிறுநீரகம் அவன் வயிற்றுக்குள் ஏதோ ஒரு அட்டையைக் காட்டிக்கொண்டு ஏற்கெனவே குடியேறிவிட்டது.

ஏசாமல் ஓடிப்போய்த் தொலைபேசியை எடுத்தேன். பேராசிரியர் கேட்டுவிட்டு முனகக்கூட இல்லை, சிரித்தார். எனக்கு யாரும் அனுமதி தராத பரிசோதனையை உன் நோயாளிகள் தாங்களாகவே செய்து முடித்திருக்கிறார்கள் என்றார். உடனே குரல் மாறி, இது உத்தரவாதம் இல்லை, தைரியம் மட்டும்தான் என்பதையும் சொன்னார். அந்தக் குறிப்பை நீங்களும் மனதில் வையுங்கள். ஒரு உடம்பு ஒருமுறை தாங்கியது என்பதால் இன்னொரு உடம்பும் தாங்கும் என்றில்லை. ஹாஜராவே சாட்சி.

மறுநாளிலிருந்து அவனுக்குப் பிரதான குளிசை காலையில் மட்டும். அதற்குத் துணையாகக் கொடுத்துவந்த இன்னொரு குளிசை முற்றாக நிறுத்தம். சுனாமிக் காலத்துப் பங்கையே இப்போது நான் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன்.

காத்திருந்தோம். முதல் சில நாட்கள் எதுவும் நடக்கவில்லை. பிறகு ஒரு காலை இரத்தப் பரிசோதனை வந்தது. கிரியேற்றினின் ஏறியிருந்தது.

இளம் டொக்டர் ஓடிவந்து, உடனே பழைய அளவுக்குப் போவோம் என்றார். அவர் சொன்னது பிழையில்லை. புத்தகமும் அதைத்தான் சொல்லும். ஆனால் பழைய அளவுக்குப் போனால் கட்டியிடம் அவனைத் திருப்பிக் கொடுக்கிறோம். கண்டிக்குத் தொலைபேசி எடுத்தால் லைன் செத்துக் கிடந்தது. பூமணி வாட்டு வாசலில் நின்று என் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கொடுத்தது போகிறதா, இல்லையா? அவளுக்கு நான் அந்த நிமிடத்தில் பதில் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தை நன்றாகக் கேளுங்கள். எண் ஏறினால் எண்ணைப் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள். கடதாசியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலுக்குப் போனேன். அடிவயிற்றில் சிறுநீரகம் இருக்கிற இடத்தை அழுத்தினேன். வீக்கம் இல்லை, நோவில்லை. உடம்பு அதைத் தாக்கினால் பெரும்பாலும் இரண்டும் இருக்கும். காய்ச்சலும் இல்லை. நாக்கை நீட்டச் சொன்னேன். வெயிலில் காய்ந்த கருவாடு மாதிரி இருந்தது. தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டேன். விழுங்க நோகிறது என்று முந்தாநாளிலிருந்து அவன் கஞ்சியையும் தண்ணீரையும் ஹாஜராவுக்குத் தெரியாமல் கட்டிலுக்குக் கீழே கொட்டியிருக்கிறான். கொண்டுவந்த ராத்தாவின் மனம் நோகக் கூடாதாம்!

அதற்கு ஏசினேன். மனம் குளிர ஏசினேன். பிறகு குளிசையில் கை வைக்காமல், கையில் சேலைன் ஏற்றச் சொன்னேன். இளம் டொக்டருக்குத் திருப்தியில்லை.  நான் பிழையாக இருந்தால், நாளைக்கு அந்தச் சிறுநீரகம் திரும்பாது. பூமணியிடம் போய், உள்ளதைச் சொன்னேன்: இது தண்ணீர்க் குறை என்று நினைக்கிறேன், நிச்சயமாகத் தெரியாது, நாளைக்குத் தெரியும். அவள் தலையாட்டிவிட்டு அங்கேயே தரையில் இருந்துவிட்டாள்.

மறுநாள் எண் இறங்கியது. அதற்கு அடுத்த நாள் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. சிறுநீரகம் பாவம், ஒன்றும் அறியாமல் தன் பாட்டில் வேலை செய்துகொண்டு இருந்திருக்கிறது.

கட்டி கரைந்தது என்று நான் முதலில் கண்டது கழுத்தில் அல்ல. ஒரு காலை வாட்டுக்குள் நுழைகிறேன்; அக்காவும் தம்பியும் சண்டை. ஹாஜரா கொண்டுவந்த பிட்டும் மீன் குழம்பும் பூமணியின் கையில். மெதுவாகத் தின் என்று அவள் பறிக்கிறாள், இவன் விடமாட்டேன் என்கிறான். வாய் நிறையப் பிட்டு. இறங்குகிறது! எத்தனையோ கிழமையாக அடைத்துக்கிடந்த குரல் தெளிவாக வருகிறது. அக்காவைப் பேசுவதற்கு வருகிறது. பக்கத்துக் கட்டிலில் யாரும் இருக்கவில்லை. அதில் பொத்தென்று இருந்துவிட்டேன். உடம்பிலிருந்து ஏதோ மூட்டையை இறக்கியது போல் இருந்தது. "டொக்டர், உங்களுக்கு உடம்புக்கு ஏலாதா?" என்று ஹாஜரா கேட்டார். எனக்கும் கொஞ்சம் பிட்டுப் போடச் சொன்னேன்.

கட்டி முற்றாகப் போக இன்னும் காலம் எடுத்தது. யுத்தம் முடிந்து பாதை திறந்த பிறகு கொழும்புக்கு அனுப்பிப் படம் பிடித்தோம். ஒன்றும் மிச்சமில்லை. அவன் அந்த அரைவாசிக் குளிசையிலேயே நின்றான், சிறுநீரகமும் நின்றது. எல்லாக் கட்டியும் இப்படிக் கரையாது. பிறகு வந்த சிலருக்குக் குறைத்தும் போதாமல், கடும் மருந்துக்கு அனுப்பியிருக்கிறேன். இருவரை இழந்தும் இருக்கிறேன். ஆகவே இந்தக் கதையைக் கேட்டுவிட்டு யாருடைய குளிசையையும் குறைக்கப் போகாதீர்கள். கதையில் இருந்து எடுக்க வேண்டியது வேறு. ஹாஜரா அன்றைக்கு வாய் திறக்காமல் இருந்திருந்தால், நான் பயந்து பயந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்திருப்பேன்; தொண்டை அடைத்திருக்கும். என் கருவிகள் எதற்கும் தெரியாத சேதி அந்தப் பெண்ணிடம் இருந்தது. என் மேல் இருந்த பயத்தில் அதை வருடக்கணக்காக மறைத்து வைத்திருந்தார். நோயாளியிடம் கேட்கும்போது கதவைச் சாத்தாமல் கேளுங்கள். கோபம் வந்தால் பிறகு படுங்கள்.

கடைசியாக ஒன்று. யுத்தம் முடிந்த அந்த நாட்களில் மருந்தெல்லாம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் இருந்த வவுனியா முகாம்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. போக வேண்டிய இடம்தான், குறை சொல்ல ஏலாது. எங்களுக்கு லொறி பிந்தியது. கிளினிக்கில் இந்தக் குளிசை திரும்பவும் தீர்ந்துபோனது. ஹாஜராவுக்கு முழு அளவு இல்லாமல் முடியாது என்று இப்போது எனக்குத் தெரியும். அவரைப் பார்த்துக் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அன்றைக்கு யோகராசா முறைக்குக் காத்திராமல் உள்ளே வந்தான், பின்னால் பூமணி. அரையில் இருந்து போத்தலை அவிழ்த்து, முழு அளவில் இருந்த காலத்தில் வாங்கி மிஞ்சிப்போன குளிசை அட்டைகளை எல்லாம் என் மேசையில், எல்லோரும் பார்க்க வைத்தான்.

"ஏசுறதெண்டா ஏசுங்க, டொக்டர்" என்றான். "இந்த முறை ஒளிக்கல்ல."

அட்டைகளை எடுத்துத் திகதி பார்த்தேன். அளவு பார்த்தேன். எல்லாம் சரி. ஹாஜராவின் பெயரை எழுதிக் கையெழுத்து வைத்து, அவர் கையிலேயே கொடுத்தேன். பிறகு பழக்கதோஷத்தில் மூன்று பேரையும் நிற்க வைத்து ஏசத் தொடங்கினேன். குளிசையை இப்படிச் சேர்த்து வைக்கலாமா, மிஞ்சினால் உடனே திருப்பித் தர வேண்டாமா, இன்னொரு அலை வந்து அள்ளிக்கொண்டு போனால் என்ன செய்வாய் என்று என்னவெல்லாமோ சொன்னேன். வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பூமணி மட்டும் குனியவில்லை. கிட்ட வந்து, தன் முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.